இல்லாத இரண்டாவது கோள்

ஒரே வானியல் ஆய்வகத்தில் என் கணவர் தொலைநோக்கிக்காரர், நான் கணினிக்காரி. இளம் நட்சத்திரம் ஒன்றைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுப் போலச் சுழல்வதை அவர் படம் எடுத்தார். அந்த வட்டில் இரண்டு கரிய வளையங்கள். வியாழனைப் போன்ற பெருங்கோள் ஒன்று பிறந்தால், தன் பாதையிலுள்ள வாயுவை ஒதுக்கித் தள்ளி இப்படித்தான் இடைவெளி உண்டாக்கும். இரண்டு இடைவெளி, ஆகவே இரண்டு கோள் என்று மனிதர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவருடைய தற்காலிக வேலை முடியவிருந்தது. நிரந்தரமாக்குவார்களா என்பது தேர்வுக் குழுவின் முன் அவர் பேசப்போகும் பேச்சைப் பொறுத்திருந்தது.

அவருக்காக, இரண்டு கோள்களை வைத்து அந்த வட்டைக் கணினியில் சுழலவிட்டேன். இரண்டு இடைவெளியும் அச்சு அசலாக வந்தன. ஆய்வகமே பார்க்க என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேச்சு நாளன்று காலையில், படத்தின் கீழே கோள்களின் நிறையை எழுதுவதற்காக உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தேன். உள்கோளின் நிறை பூஜ்ஜியம். ஏதோ சோதனைக்காகப் போட்டதை மாற்ற மறந்து தொலைத்திருக்கிறேன். ஆக, ஓடியது ஒரே கோள்தான். அது கிளப்பிய அலைகளே உள்ளே இன்னொரு இடைவெளியையும் உண்டாக்கியிருக்கின்றன. சொன்னால் அவர் பேச்சு போச்சு. சொல்லாவிட்டால் நான் என்ன கணினிக்காரி?

சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, கணினியில் சுழன்ற வட்டின் விளிம்பில் மோதித் திரும்பிய அலை உண்டாக்கிய பொய் இடைவெளியாக இருக்குமோ என்று துருவினார். விளிம்பில் அலை அடங்கும்படி வைத்துத்தான் ஓட்டினேன், எனக்கே பாடமா என்று சீறினேன்.

"அப்போ என் கோள் ஒண்ணு காலி," என்று பெருமூச்சு விட்டு, பேச்சின் தலைப்பை அழித்தார்.

மதியம் அவர் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார், மனைவியின் மறதி உட்பட. பின்வரிசையில் நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "போன மாசம் ரெண்டுன்னீங்க. இன்னைக்கு ஒண்ணுங்கறீங்க. அடுத்த மாசம் அதுவும் இல்லன்னு தெரிஞ்சா?"

"அதையும் நானே வந்து சொல்வேன் மேடம். ஆனா, அதுக்கு நான் இங்க வேலையில இருக்கணும்."

அறையே சிரித்தது. தலைவி பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார், அவர்கள் தலையாட்டினார்கள்.

"அப்போ இருங்க," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.