நகர்த்தக் கூடாத டி.வி.

"இந்த டி.வி.ய கொஞ்சம் திருப்பினாத்தாங்க சவப்பெட்டிய வைக்க இடம் வரும்," என்றார் அடக்க வேலைக்கு வந்திருந்த ஸ்டோல்ட்ஸ்.

தொடாதீங்க என்று டெல்மர் சொல்ல வாயெடுத்தான். மனைவி ஆர்லீன் அவனைப் பார்த்தாள். டெல்மர் ஒதுங்கி வழிவிட்டான்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கி, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். அவ்வளவுதான் வேலை. அந்த ஜன்னலோரம்தான் அப்பா ஹார்வியின் கட்டில் கிடந்தது. கை கால் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் அதை விட்டு இறங்கவில்லை. கணப்பும் மாடிப்படியும் போக, கட்டில் போட அந்த அறையில் வேறு இடமும் இல்லை. இப்போது அங்கே அவருடைய சவப்பெட்டி. டி.வி. அதற்கு நேரெதிரே நின்றது.

அமெரிக்காவுக்கே வண்ண டி.வி. புதிது. லான்காஸ்டரில் அந்தத் தெருவுக்கு இதுதான் முதல். போன வசந்தத்தில் டெல்மர் வாங்கியது. பேர்தான் பதினைந்து அங்குலம். ஓரங்கள் போகக் கண்ணுக்குத் தெரிவது பன்னிரண்டுகூட இல்லை. குளிர்காலம் வருவதற்குள் இருபத்தொரு அங்குலம் கடைக்கு வந்துவிட்டது, விலையும் குறைவு. ஆர்லீனின் தம்பி ராய்ஸ் அதை வாங்கிவிட்டு ஞாயிறு தவறாமல் வந்து கேட்பான்: "என்ன மச்சான், உங்க தபால்தலை எப்படி இருக்கு?" அதற்குப் பிறகு டெல்மர் அந்த டி.வி.யைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான்.

பழுது பார்க்கிறவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "படக்குழாய்க்கு காந்தம் ஆகாது சார். பூமியோட காந்தமே போதும். நிக்கிற திசைய மாத்தினீங்கன்னா நிறம் கலங்கிடும். அப்புறம் நான்தான் வரணும்."

இந்தப் புத்தாண்டு அன்று, பூவால் அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலத்தை வண்ணத்தில் காட்டினார்கள். அக்கம்பக்கமெல்லாம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கட்டிலிலிருந்து ஹார்விக்குத் தெரிந்தது மரச்சட்டத்தின் பக்கவாட்டும் பத்து முதுகுகளும்தான்.

"டே, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பேன்டா."

"திருப்பக் கூடாதுப்பா. நிறம் கெட்டுடும்."

"கெட்டா என்ன, ஆள் வந்து சரி பண்ண மாட்டானா?"

"இத்தனை பேர் வந்திருக்காங்க. இப்ப போய்..."

ஹார்வி தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு, "சரி விடு. நீ பாத்து நிறத்த சொல்லு. நான் கேட்டுக்கறேன்," என்றார்.

டெல்மர் சொன்னான். "முதல் வண்டி முழுக்க சிவப்பு ரோஜாப்பா. ரெண்டாவது மஞ்சள்." மூன்றாவதில் யாரோ ஏதோ கேட்டார்கள். பதில் சொல்லப் போனவன் அப்பாவை மறந்துபோனான். அவரும் நினைவுபடுத்தவில்லை.

மதியம் அடக்கம் முடிந்தது. வீடு திரும்பியவர்களுக்கு ஆர்லீன் பன்றித் தொடையும் உலர்திராட்சைப் பணியாரமும் பரிமாறினாள். ராய்ஸ் தட்டோடு வந்து டி.வி.யைப் பார்த்தான்.

"திருப்பிட்டாங்களா? போச்சு மச்சான். இனிமே எல்லா மூஞ்சியும் பச்சைதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். பச்சையாகவே தெரிந்துவிட்டால் தேவலை என்று டெல்மருக்கு இருந்தது. அப்படித் தெரிந்தால் அன்று அப்பாவிடம் தான் சொன்னது நியாயமாகிவிடும் என்று நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

எல்லோரும் போன பிறகு, கம்பளத்தில் கட்டில்கால்கள் அழுத்தியிருந்த பள்ளங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டான். டி.வி.யைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். குழாய் சூடாக வழக்கம்போல் நேரம் எடுத்தது. பிறகு படம் வந்தது. ஏதோ ஒரு நடன நிகழ்ச்சி. முகங்கள் முகங்களாகவே இருந்தன. கீழே இடது மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, லேசான பச்சை.

மூலைப் பக்கம் வரும்போது ஆடுகிறவளின் பாவாடை ஓரம் கொஞ்சம் மங்கியது. நடுவுக்கு வந்ததும் தெளிந்தது.

"சிவப்பு," என்றான் டெல்மர்.

சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் நின்றது. "யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டாள் ஆர்லீன்.

அவன் கண் திரையிலேயே இருந்தது. அடுத்தவள் ஆட வந்தாள்.

"இவ நீலம்," என்றான்.