றம்சீனைக் குளிப்பாட்ட வந்தவர்கள்

செத்தவீட்டுப் பறை முழங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நான்கு முஸ்லிம் ஆட்கள் வாசல் படலையடியில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவரின் கையில் பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைக் கபன் துணியும் பன்னீர்ப் போத்தலும் இருந்தன. செத்தவரின் மகள் லக்சிகா படலைக்கு ஓடினாள். காலையில் செய்த முட்டாள்தனம் வீடு தேடி வந்துவிட்டது.

"எழுத்தாளர் முல்லை றம்சீன்ர வீடு எது, தங்கச்சி? நான் நவ்பர், முல்லைத்தீவால வாறம். ரேடியோவில கேட்டனாங்கள். மையத்தைக் குளிப்பாட்ட இஞ்ச எங்கட ஆக்கள் இல்லையே எண்டு ஓடி வந்தம்."

ஒட்டுசுட்டானில் வயல் செய்த அப்பா நடராசா, பத்து வருடமாக அந்தப் பெயரில் கதை எழுதியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். செத்த பிறகாவது வாசித்த சனம் அறியட்டும் என்று விடிய எழும்பிச் சந்திக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்தாள். அந்த மனுசன் தனக்குத் தெரிந்த பெயரை வானொலியில் போட்டுவிட்டார்.

"இதுதான் வீடு, நானா. றம்சீன் எண்டு எழுதினது எங்கட அப்பா." அண்ணன் என்பதற்கு அவர்களின் சொல்லையே சொல்லி அழைத்தாள்.

நவ்பர் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு நடராசா கிடந்தார்.

"தமிழ் ஆளோ?"

"ஓம்."

நவ்பர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"றம்சீன்ர கதையளை வாசிச்சு, எங்கட ஆள் ஒருத்தன் இஞ்ச தப்பி இருக்கிறான் எண்டு நம்பித்தான் போன வருசம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தனான். அவன் இருக்கேலுமெண்டா நாங்களும் இருக்கலாம் எண்டு."

நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது லக்சிகாவுக்கு. அப்பாவைக் கள்ளன் என்று மட்டும் இவர் சொல்லிவிடக் கூடாதே என்று மனம் கிடந்து அடித்தது.

"அப்பா பொய் எழுதேல்லை, நானா. தொண்ணூறில இயக்கம் உங்கட சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு அவர் முல்லைத்தீவில நிண்டவர். ஆளில்லாத ஒரு வீட்டில உலை கொதிச்சபடி கிடந்ததாம். உள்ள போய் அடுப்பை அணைச்சவர். அதைச் சொந்தப் பேரில எழுதப் பயம்."

"அடுப்பை அணைச்சார். எங்களுக்காக வாய் திறக்கேல்லை."

"இல்லை."

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். சனம் சுடலைப் பக்கம் திரும்பி மறைந்த பிறகு நவ்பர் எழுந்தார். ஒரு நல்ல சொல், ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகமாட்டாரா என்று லக்சிகா அவர் முகத்தையே பார்த்தாள்.

"உலை கொதிச்ச அந்தப் பானை எங்க?"

"குசினியில இருக்கு. அப்பா எடுத்துக்கொண்டு வந்தவர். ஒரு நாளும் அதில சமைக்க விடேல்லை."

ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அடி கறுத்த அலுமினியப் பானை.

"உங்கட வீட்டுப் பானையோ, நானா?"

"இல்லை."

நவ்பர் கபன் துணியை உதறி விரித்தார். பானையை அதில் வைத்துச் சுற்றி, மையத்துக்குக் கட்டுவது போல இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.