யாருக்கென்று சொல்லுங்கள்

பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியான கோஜாலில் பனி இளகிக் கலப்பை மண்ணுக்குள் இறங்கும் முதல் நாளைத் தக்ம் என்பார்கள். அந்த ஊரில், தக்ம் நாளின் முதல் பிடி விதையைத் தூவும் உரிமை ஆதினா ஷாவின் வீட்டுக்கு உரியது. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அது வேறு கைக்குப் போனதில்லை. போவதானால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. விதைத்துவிட்டு வருகிறவரை வீட்டுப் பெண் கதவைச் சாத்தி வெளியே நிறுத்துவாள். அவர் கூரைமேல் ஏறி, மிச்ச விதையை, அடுப்புப் புகை வெளியேறும் கூரைத் துளையான புகைவழிக்குள் கொட்ட வேண்டும். அவள் மடியில் ஏந்தி வாங்கிக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும். மேற்கு முகட்டின் நிழல் வாசற்படியைத் தொடுவதற்குள் இது நடக்காவிட்டால், அடுத்த ஆண்டு உரிமை பக்கத்து வீட்டு ஷம்பி கானுக்கு.

ஷம்பி கான் மீசை முளைத்த நாளிலிருந்து அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை கதவைச் சாத்தியவள் ஆதினா ஷாவின் மனைவி குல்நமோ. இந்த முறை அவள் மகளின் பிரசவத்துக்காகக் கில்கித்துக்குப் போன இடத்தில், சாலையில் மலை சரிந்து, திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே பெண் நாஹித், மகன் மெஹர்பானின் மனைவி.

அவளை ஆதினா ஷா ஒருமுறைகூட மருமகள் என்று அழைத்ததில்லை. மெஹர்பான் முல்தானில் வேலை பார்த்தபோது, பெண் கேட்கப் பெரியவர்களை அனுப்பாமல், அந்த ஊர்ப் பெண்ணைத் தானே மணந்து அழைத்து வந்துவிட்டான். பெண்மேல் குறையில்லை, முறைமேல்தான் குறை. தன்னைக் கேட்காமல் தன் வாசலுக்குள் வந்த உறவைத் தன் வாயால் உறவென்று சொல்ல மாட்டேன் என்று அவர் குளிர்காலம் முழுவதும் விறைப்பாகவே இருந்தார். "உள்ள சொல்லு, டீ வேணும்னு" என்பார் மகனிடம். டீ வரும், உப்பும் வெண்ணெயும் அவருக்குப் பிடித்த அளவில் இருக்கும். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைப்பார். ஊரில் இருவர் சந்தித்தால் ஒருவர் கையை மற்றவர் முத்தமிடுவது வழக்கம். அவளிடம் மட்டும் அவர் கை நீண்டதில்லை.

வயலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. எருதுகள் முரண்டு பிடிக்காமல் நடந்தன. ஆதினா ஷா வீசிய விதையைப் பிடிக்க ஊரே சட்டை நுனியை விரித்துக்கொண்டு முட்டி மோதியது. பிறகு மேளத்தோடு ஊர் அவர் பின்னால் வீட்டுக்கு வந்தது.

கதவு சாத்தியிருந்தது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. சாத்தவாவது தெரிந்திருக்கிறதே!

மர ஏணியில் ஏறினார். புகைவழியின் தகர மூடியும் இறுக மூடியிருந்தது. கைத்தடியால் தட்டினார்.

"யார் அது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஊரார் பேசும் வாகி மொழிதான், அவள் இங்கு வந்து கற்றது. ஆனால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்துவைக்கும் வாகி. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

ஆதினா ஷா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆதினா ஷா! கோதுமை கொண்டாந்திருக்கேன், பார்லி கொண்டாந்திருக்கேன். யாக் மடி நிறையப் பாலு, பிள்ளைங்க வயிறு நிறைய ரொட்டி கொண்டாந்திருக்கேன்!"

"யாருக்குக் கொண்டு வந்தீர்கள்?"

காலம் காலமாகச் சொன்ன வாய் தானாகச் சொல்லிவிட்டது: "குல்நமோவுக்கு!"

"அத்தை கில்கித்தில் இருக்கிறார். சாலை சரியானதும் அங்கே சென்று கொடுங்கள்."

மேளக்காரன் சிரித்த சிரிப்பில் குச்சியைக் கீழே போட்டான். ஆதினா ஷா மகனைப் பார்த்து, "டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா!" என்றார்.

"நான் எப்பிடிப்பா சொல்றது? எனக்குச் சாப்பாடு போடுறதும் அவதானே!" என்றான் மெஹர்பான்.

"அவசரமே இல்லண்ணே," என்றார் ஷம்பி கான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. "நிதானமா பேசி முடிங்க. நெழலு இப்பத்தான் என் பாதாமி மரத்தத் தாண்டுது."

"உன் மரத்த மொதல்ல வெட்டணும்டா," என்ற ஆதினா ஷா மூடியின் பக்கம் குனிந்தார். "வீட்டுக்கு! இந்த வீட்டுக்குக் கொண்டாந்திருக்கேன்!"

"வீட்டுக்குக் கையில்லை, மாமா. ஏந்துவதற்கு மடியும் இல்லை. யாருக்கென்று சொல்லுங்கள்."

"நல்லாக் கேட்டா!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

ஆதினா ஷாவுக்குக் காது சூடேறியது. "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" கேட்ட பிறகுதான் உறைத்தது. நடுவில் மகனை நிறுத்தாமல் அவர் அவளோடு பேசியது அதுதான் முதல்முறை.

"அத்தைதான், தொலைபேசியில். பெயரைச் சொல்லும்வரை மூடியைத் தூக்காதே என்றார். தாம் புதுப்பெண்ணாக வந்தபோது தாமும் அப்படியே செய்ததாகக் கூறினார்."

"ஆமா ஆமா," என்றாள் கீழே நின்ற ஷம்பி கானின் மனைவி. "அன்னைக்கு ஆதினா அண்ணன் கூரையில உக்காந்து அழாத குறைதான்!"

நிழல் முற்றத்துக்குள் இறங்கியது. கைத்தடியால் ஒரு நெம்பு நெம்பினால் தகர மூடி பறந்துவிடும். ஆனால் தன் வீட்டுக்குள் உடைத்துக்கொண்டு விதை கொட்டியவன் என்ற பேர் அவர் குலத்தில் எவருக்கும் இல்லை. அதோடு இன்னொன்றும் அவருக்கு விளங்கியது. முறை தவறி வந்தாள் என்று அவர் ஒதுக்கி வைத்தவள், இந்த வீட்டின் முறையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். ஊர் சிரித்தாலும் அசையவில்லை. வீட்டுப் பெருமை பறிபோகுமோ என்று பயந்தும் அசையவில்லை. இப்படி நிற்கத் தெரிந்தவர்கள் ஊரில் அதிகம் பேர் கிடையாது. ஒருவர் கூரைமேல் நிற்கிறார்.

நிழல் வாசற்படிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

சொல்வதென்றால் முணுமுணுத்துச் சொல்லக்கூடாது. ஆதினா ஷா எழுந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடைசி வீடுவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஆதினா ஷா கொண்டாந்தது என் மருமகளுக்கு! இந்த வீட்டு மருமக நாஹித்துக்கு!"

உள்ளிருந்து ஒரு கழி தள்ள, மூடி சட்டென்று மேலெழுந்தது. கீழே மாவு படிந்த முகமும் விரித்துப் பிடித்த மடியும் தெரிந்தன. அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பாதி மடியில் விழுந்தது, பாதி அவள் தலையில். அவள் தும்மிக்கொண்டே ஓடிக் கதவைத் திறந்தாள். அவர் ஏணியில் இறங்கிய வேகத்தைப் பார்த்து மெஹர்பான் பதறிப்போய்க் கையை நீட்டினான். அதைத் தட்டிவிட்டு அவர் படியைத் தாண்டினார். நிழல் அவர் குதிகாலைத் தொட்டது.

"உள்ள போயாச்சு!" என்று ஊர் கத்தியது.

நாஹித், நல்வரவுக்கு அடையாளமாக, அவருடைய வலது தோளில் மாவு தூவினாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். ஆதினா ஷா கையை நீட்டினார். அவள் அதை முத்தமிட்டாள். அவர் மாவு படிந்த அவள் கையை எடுத்துத் தம் உதட்டில் வைத்தார். மீசை வெளுத்தது.

"மாமா, சினம் இல்லையே?" என்று கேட்டாள்.

"சினமாம்ல!" என்றார் அவர். "கோவம்னு சொல்லும்மா. எவன் பேசுறான் இப்பிடி?"

கூட்டம் உள்ளே நுழைந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது. ஷம்பி கான் கடைசியாக, முகம் சுருங்க வந்தார்.

"நாஹித்," என்று கூப்பிட்டார் ஆதினா ஷா, மகன் பக்கம் திரும்பாமல். "இவனுக்குக் கூழு ரெண்டு கரண்டி சேத்து ஊத்து. வெண்ணெயும் நெறைய விடு. அடுத்த வருஷமும் வாசல்ல நிக்கணும்ல, தெம்பு வேணும்!"