இடதுபக்கப் பால்கனி

அந்த நகரத்து மணிக்கூண்டு முதலில் வடக்குப் பக்கத்தில்தான் தேய்ந்தது. சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கமாக வந்ததுதான் காரணம். ஊர் பார்க்க வந்தவர்களின் கண் பட்டுப் பட்டுக் கல் சோப்புக்கட்டி போலக் கரைந்தது. ஒரு கோடையில் கூண்டுக்குள்ளே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சொல்லிவைத்தவர்கள் கட்டடங்களையும் சேர்த்துத்தான் சொன்னார்களா தெரியாது. நகராட்சி ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. பார்க்காமல் விட்டால் கல் மறுபடி வளர்கிறது என்று தெரிந்ததும் முறை வைத்து ஓய்வு கொடுத்தார்கள். ஒரு வாரம் மணிக்கூண்டுக்கு, அடுத்த வாரம் பழைய பாலத்துக்கு, அதற்கடுத்து அருங்காட்சியக வாசலில் நிற்கும் வெண்கலக் குதிரைக்கு. ஓய்விலிருக்கும் இடத்தைப் பேருந்து கடக்கும்போது பயணிகளின் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்புவது வழிகாட்டியின் வேலை. அதற்கென்று ஆளுக்கொரு பொய் வைத்திருந்தார்கள். ஒருவர் காக்கைக் கூட்டைக் காட்டுவார், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியை.

எந்நேரமும் மைக்கும் கையுமாக இருந்ததால் மைக் என்று சக ஊழியர்கள் கூப்பிட்ட வழிகாட்டியின் வீடு மணிக்கூண்டுக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருந்தது. மணிக்கூண்டின் ஓய்வு வாரம் ஒன்றில் பேருந்து அங்கே சிக்னலில் மாட்டிக்கொண்டது. அவனுக்குக் கைவசம் பொய் தீர்ந்திருந்தது. பால்கனியில் அவன் மனைவி போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் மூன்றாவது மாடியைப் பாருங்கள், இந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாத அதிசயம் என்று சொல்லிவிட்டான். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிழிந்த விதம் பிடித்தது என்றார்கள். மற்ற வழிகாட்டிகளும் அதையே காட்டினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் பால்கனியைத்தான் கேட்டார்கள். கவனிப்பாரற்ற மணிக்கூண்டு கொழுத்து நடைபாதையை விழுங்கியது.

மனைவிக்கு முதலில் நிழல் வெளுத்தது, பிறகு மோதிரம் விரலில் நிற்கவில்லை. வீட்டில் அவளை உற்றுப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லாததால் அது தெரியவில்லை. ஊரிலிருந்து வந்த தங்கைதான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, உன் முதுகு வழியா கடிகாரம் தெரியுது. மணி நாலே கால்."

"அஞ்சு நிமிஷம் கூட்டிக்கோ. அது ஸ்லோ."

மாமா, நீங்க பாக்கவே இல்லையா என்று தங்கை கேட்டதற்கு, மாமா மைக்கில் சொல்வதோடு சரி என்று மனைவியே பதில் சொன்னாள்.

இப்படியே போனால் மழைக்காலம் தாங்க மாட்டாள் என்றார் மருத்துவர். அவள் பால்கனிக்கு வராமல் உள்ளேயே இருந்து பார்த்தாள். கூட்டம் ஜன்னலைப் பார்த்தது. திரைச்சீலை தேய்ந்து, கண் மறுபடி அவள்மேல் விழுந்தது. பால்கனியைக் காட்டுவதை நிறுத்தச் சொல்லி அவன் பேருந்து முதலாளியிடம் போய் நின்றான். முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "மணிக்கூண்டு எல்லா ஊர்லயும் இருக்குங்க. உங்க வீட்டம்மா இங்க மட்டும்தான்."

அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள் போனதும் காணாமல் போனது.

"குதிரைக்கு லீவு இருக்கு, பாலத்துக்கு இருக்கு. எனக்கு எப்போ?"

பால்கனியில் ஆள் இல்லாவிட்டால் விட மாட்டார்கள் என்றான்.

"ஆள்தானே வேணும். நீங்க நில்லுங்க."

"அப்போ பஸ்ல யாரு பேசுறது?"

"நீங்க தூக்கத்துல புலம்புறதே அதான். எனக்கு மனப்பாடம்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த ஊரில் பார்த்தது சந்தை, ஆஸ்பத்திரி, கேஸ் ஆபீஸ். பாலத்தையும் குதிரையையும் பேருந்திலிருந்துதான் முதலில் பார்த்தாள். பாலத்துக்கு அடியில் தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு தெரு இருப்பதையும், அங்கே யாரோ துணி காயப்போடுவதையும், குதிரை களைத்துப்போய்க் கால் மாற்றி நிற்பதையும் மைக்கில் சொன்னாள். வழிகாட்டிகள் யாரும் அதுவரை கவனித்திருக்கவில்லை. அவனுக்குப் போர்வை பிழிய வரவில்லை. முதல் வாரம் புகார் வந்தது, பிறகு பழகிவிட்டார்கள்.

இப்போது பால்கனியில் வாரத்துக்கு ஒருவராக நிற்கிறார்கள். ஒருவர் தேயும்போது மற்றவர் தேறிவிடுகிறார். இடது பக்கம் பாருங்கள் என்று மைக்கில் சொல்பவர் மட்டும் திரும்புவதில்லை. திங்கட்கிழமை பேருந்து கிடையாது. அன்று பாதி தெரிந்தும் தெரியாமலும் இருவரும் பகல் முழுக்கத் தூங்குகிறார்கள்.