ஜூலையில் நவம்பர் உடுப்பு

இனிமேல் நான் மரம் ஏறக் கூடாது என்று வெண்டல் சொன்னபோது நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். என் கையில் கத்தி இருக்கும் நேரமாகப் பார்த்து இப்படிப் பேசுகிற ஆள் விஸ்கான்சின் முழுக்கத் தேடினாலும் என் புருஷன் ஒருவன்தான் இருப்பான்.

"தரையில கூடாரம் போட்டு உக்காந்து வேட்டையாடு. யாரு வேணாம்னா?"

"கூடாரத்துல உக்கார்றதுக்கு நம்ம சோபாவே போதுமே. எதுக்குக் காட்டுக்குப் போகணும்?"

"ஆர்டிஸ், இன்னொரு தடவ என்னால முடியாது."

போன நவம்பரில், மான் வேட்டைக்காக ஓக் மரத்தில் சாத்தி வைத்திருந்த என் ஏணிப் பரண் சாய்ந்தது. பரணை மரத்தோடு சேர்த்துக் கட்டிய பட்டையை வருஷக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் அப்படியே விட்டு வைத்திருந்தோம். அணில்கள் அதைக் கடித்து நாராக்கியிருந்தன. பட்டை அறுந்தது, பரண் சாய்ந்தது, இடது இடுப்பெலும்பு முறிந்தது. வெண்டல் தேடி வந்து பார்த்தபோது இலைக் குவியலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தேனாம். அதை வெண்டல் சொல்லவில்லை, அவன் தம்பி டெல்மர்தான் சொன்னான்.

எனக்கு அவன் பயம் புரியாமல் இல்லை. ஆனால் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வருஷம் பூராவும் முதுகுக்குப் பின்னால் கூச்சல். அந்த ஓக் மரத்தின் மேல் மட்டும்தான் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. மான் ஒன்று கீழே வந்து நின்று, மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டு, நான் இருப்பதே தெரியாமல் போகும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. அம்பு விட்டேனா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். செப்டம்பரில் வில்வேட்டை தொடங்கும்போது அந்த மரத்தில் இருப்பேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பரண் வேண்டாம். சேணம் போதும். குதிரைக்குப் போடுகிற சேணமில்லை, நமக்கு நாமே போட்டுக்கொள்வது. தொடைக்கும் இடுப்புக்கும் அகலமான பட்டை, அதன் முன்னால் ஒரு கயிறு, அந்தக் கயிற்றைத் தாங்க மரத்தைச் சுற்றி இன்னொரு கயிறு. சின்ன மிதிபலகையில் காலை ஊன்றி, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து திரும்பக் கால் வைக்கும் வரை ஏதாவது ஒரு கயிறு நம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பரணில் அந்த வேலையை ஒரு பழைய பட்டையிடம் ஒப்படைத்துவிட்டு நான் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

டெல்மர் தன் சேணத்தைக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் போட்டான். மடித்தால் கோட்டுப் பையில் அடங்கும்.

"இத விட லேசா எவன்கிட்டயும் கிடையாது, அண்ணி. போட்டிருக்கறதே தெரியாது."

கொல்லையில் இருக்கும் மேப்பிள் மரத்தில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டிப் பார்த்தேன். போட்டிருப்பது நன்றாகவே தெரிந்தது. ஒற்றைப் பட்டை கயிறாகச் சுருண்டு இரண்டு இடுப்பெலும்பையும் இடுக்கியாக நசுக்கியது. முறிந்து சேர்ந்த இடம் கத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது கால் மரத்தே போய்விட்டது.

"பழகிடும் அண்ணி."

"உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே நசுங்கறதுக்கு. கயிறு எந்த வருஷத்துது?"

"கயித்துக்கு என்ன, இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"பரண் பட்டைக்கும் இதையேதான் சொன்னே." அதன் பிறகு அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். சேணத்தை எடுத்துப் போக மறந்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். அங்கே உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருக்கிறார்கள், வேண்டுமளவு தொங்கிப் பார்க்கலாம். நான் தொங்கினேன். மீன்தூண்டில் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நல்ல மெத்தை வைத்த ஒன்று இருந்தது. அதில் தூங்கியே போகலாம். ஆனால் அதன் பக்கத்தில் மாட்டியிருந்த பையைத் திறந்தால் ஒட்டுப்பட்டை கிர்ரென்று கத்துகிறது, அந்தச் சத்தத்துக்கு மான் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். கடைசியில் இரண்டு பட்டை வைத்தது கிடைத்தது. ஒன்று தொடைக்குக் கீழே, ஒன்று இடுப்பில். கீழதை இறக்கினால் பாரம் தொடைக்குப் போகும், மேலதை இறக்கினால் இடுப்புக்குப் போகும். முன்கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டதும் நசுக்கலும் நின்றது. எத்தனை பாரம் தாங்கும் என்று சோதித்த சீட்டு தையலோடு இருந்தது, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தேன். கால் மரத்துப்போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெண்டல் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு உயரம் ஆகாது. விளக்கு மாற்ற நாற்காலியில் ஏற மாட்டான். கூரை ஓரத்துத் தகரத்தில் இலை அடைத்தால் டெல்மர்தான் வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சந்தையில் ராட்டினம் ஏறினோம், இறங்கியதும் என் செருப்பின்மேலேயே வாந்தி எடுத்தான்.

"சரி, நீ விழ மாட்டே," என்றான். "தொங்குவே. பலகையிலேர்ந்து கால் வழுக்கிடுச்சு, அந்தக் காலும் வேலை செய்யல. யாரு உன்ன இறக்குவா?"

"நானே இறங்குவேன்."

"எறங்கிக் காட்டு. இடது காலு இல்லாம. காட்டிட்டேன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். முடியலன்னா கூடாரம்."

"நியாயந்தான்," என்றேன்.

அதற்கு வழி இருக்கிறது. பையில் ஒரு கால்வளையம் வைத்திருப்போம், வெறும் கயிற்று வளையம்தான். அதை மரத்தில் மாட்டி, நல்ல காலை ஊன்றி எழுந்தால் நம்மைத் தாங்கும் முன்கயிற்றின் இறுக்கம் விடும். உடனே பாரத்தை, மரத்தில் தனியாகக் கட்டித் தரைவரை தொங்கவிட்ட இறங்குகயிற்றுக்கு மாற்றிக்கொண்டு மெல்ல வழுக்கி வந்துவிடலாம். கடையில் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டெல்மரும் வந்தான். சாசேஜ் வாட்டும் அடுப்பை மூட்டிவிட்டு, பீரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நான் மேப்பிளில் கூரை உயரத்துக்கு ஏறியிருந்தேன். வேட்டையில் இருப்பது மாதிரியே இருக்கட்டும் என்று நவம்பர் கம்பளிக் கோட்டை மட்டும் மேலே போட்டிருந்தேன். வெண்டல் "சரி" என்றதும் கால்களைப் பலகையிலிருந்து எடுத்தேன். கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது. இடது காலைத் தொங்கவிட்டேன். கால்வளையத்துக்காகப் பையில் கைவிட்டேன்.

பை அங்கே இல்லை.

கோட்டு தடிமனாக இருந்ததால் சேணம் மேலே ஏறி, பை முதுகுப்பக்கம் திரும்பிப் போயிருந்தது. விரல் நுனி படுகிறது, கைக்குள் வரவில்லை. திரும்பினால் நானே சுற்றுகிறேன். கோட்டைத் தள்ளினால் பட்டை அதை இறுக்கிப் பிடிக்கிறது. சாசேஜ் கருகுகிற வாசனை மேலே வந்தது.

"அண்ணி, அங்கயே குடியிருக்கப் போறீங்களா? தபாலெல்லாம் மேல அனுப்பச் சொல்லவா?"

"வாய மூடு!"

வெண்டல் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "ஏணி எடுத்துட்டு வா," என்றான். டெல்மர் ஏணியில் ஏறி வந்து, என் முதுகுக்குப் பின்னாலிருந்து கால்வளையத்தை எடுத்துக் கொடுத்தான். என்னைத் தாங்கிக்கூடப் பிடித்தான். வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரு அவமானம் வந்ததில்லை.

"கூடாரம்," என்றான் வெண்டல்.

அன்று சாசேஜ் எனக்கு இறங்கவில்லை. கோபம் அவன்மேல் இல்லை, என்மேல். நான் சேணத்தைத் தேர்ந்தெடுத்தது கோடைக்காலத்து மெல்லிய சட்டையில். பட்டை நீளம், பை இருக்கும் இடம், முன்கயிறு எல்லாமே அந்தச் சட்டைக்கு வைத்த அளவு. இங்கே எல்லோரும் செய்கிற மடத்தனம் இது. கோடையில் அரைக்கால் சட்டையோடு சேணம் வாங்கி, பனியில் கரடி மாதிரி உடுத்திக்கொண்டு அதில் போய்த் தொங்குவது. சேணம் சரியானதுதான், மாட்டியவள்தான் தப்பு.

மறுநாள் காலையிலிருந்து நான் ஜூலையில் நவம்பரை உடுத்திக்கொண்டேன். உள்ளே கம்பளி, அதற்கு மேல் தோளில் மாட்டும் பட்டை வைத்த தடிமன் பேன்ட், கோட்டு, பூட்ஸ், கையுறை. வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. பால் வண்டிக்காரர் நிறுத்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டே பட்டைகளை விட்டேன், இழுத்தேன். பையைக் கழற்றி முன்பக்கம், வலது தொடைமேல் மாட்டினேன். கையுறையோடு பிடிக்க வசதியாகக் கால்வளையத்தில் ஒரு கொழுத்த முடிச்சுப் போட்டேன். வேர்வை பூட்ஸுக்குள் சளசளத்தது. உள்ளே வந்து குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன், திரும்பப் போவேன். அந்த வாரம் முழுக்க இதேதான். கையுறை போட்ட கை பார்க்காமலே வளையத்தை எடுக்கும் வரை நான் விடவில்லை.

மறு ஞாயிறு வெண்டலைக் கூப்பிட்டேன்.

"காட்டியாச்சு இல்ல, ஆர்டிஸ்? அதோட விட்டுடு."

"உன் பெல்ட்டக் கழட்டு."

"எதுக்கு?"

"என் இடது காலக் கட்டு. அப்பறம் நான் ஏமாத்தினேன்னு சொல்லக் கூடாது பாரு."

மேலே ஏறிச் சேணத்தில் உட்கார்ந்ததும் டெல்மர் ஏணியில் வந்து, இடது காலை மடக்கி அண்ணனின் பெல்ட்டால் கட்டிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போனான். நான் வலது காலைப் பலகையிலிருந்து எடுத்தேன். கயிறு பிடித்தது. கை தொடைக்குப் போனது, கொழுத்த முடிச்சு கைக்குள் வந்தது. மாட்டினேன், ஊன்றினேன், எழுந்தேன். இடுப்பு வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இறுக்கம் விட்டது. பாரத்தை மாற்றினேன். கோட்டும் பூட்ஸும் வேர்வையுமாக, ஒற்றைக்காலில் புல்தரையில் வந்து நின்றேன்.

டெல்மர் கைதட்டினான். வெண்டல் வந்து குனிந்து என் காலிலிருந்து பெல்ட்டை அவிழ்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

சாப்பிடும்போதும் பேசவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதை இப்படியா காப்பாற்றுவான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் பாதி போயிற்று.

மறுநாள் காலையில் காப்பி போட எழுந்தபோது படுக்கையில் அவன் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேப்பிள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். டெல்மர் விட்டுப்போன அந்த லேசான சேணத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

இரவு உடையோடு ஓடினேன். "என்ன பண்றே?"

"இடுப்ப நசுக்குது," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"நசுக்கத்தான் செய்யும். எதுக்கு ஏறினே?"

மூச்சு வாங்கினான். சட்டை நனைந்திருந்தது. "போன தடவ நீ கீழ கிடந்தே. குனிஞ்சு எடுத்துட்டேன். இனிமே நீ மேலயில்ல இருப்பே. உன்னால முடியாமப் போச்சுன்னா, நான் கீழ நின்னு பாத்துட்டா இருக்கறது?"

என் சேணத்தை எடுத்து வந்து அவன் தொடைக்கு அளவாகப் பட்டைகளை விட்டு, பழையதைக் கழற்றி இதை மாட்டினேன். முன்கயிற்றை நீளமாக விட்டேன். மறுபடி ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கண்ணத் திற, வெண்டல். தரை இங்கதான் இருக்கு."

திறந்தான். கீழே பார்க்கவில்லை. கிளைகளுக்குள் நிமிர்ந்து பார்த்தான்.

"உன் ஓக்குல நீ எவ்வளவு மேல இருப்பே?"

நான் கூரையைக் காட்டினேன். ஒரு கையை மரத்திலிருந்து எடுத்தான், பிறகு இன்னொரு கையையும் எடுத்தான்.

"சரி," என்றான். "இன்னும் ஒரு படி ஏத்திக் கட்டு."