அனுமதிக்கப்பட்ட சண்டை

புருஷனும் பெண்டாட்டியும் நடுத்தெருவில் நின்று சண்டை போடுவதற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது என்றால் யார் நம்புவார்கள்? அவளுடைய அம்மாவே நம்பவில்லை. "அதை வீட்டுல ஓசியிலயே போடலாமேடி" என்றாள் போனில்.

வீட்டில்தான் போட முடியாது. பொதுத்தொல்லைத் தடுப்புச் சட்டம் என்று அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் வைத்த பெயர் கப்சிப் சட்டம். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினால் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் போட்டால் போதும், நீலச் சட்டை வார்டன் வந்து கதவைத் தட்டுவார். முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், அதற்கும் மசியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சட்டம் போட்டால் ஆயிற்றா? அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக ஒரு கண்காணிப்புப் பிரிவு. அந்தப் பிரிவின் ஆட்கள் தெருத்தெருவாகப் போய் வேண்டுமென்றே தொல்லை கொடுப்பார்கள். யாராவது புகார் செய்கிறார்களா, வார்டன் வருகிறாரா என்று பார்த்துவிட்டு வருவார்கள். எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிற ஒரு மனிதர் ஊரெல்லாம் எச்சில் துப்பிக்கொண்டு போனார். பாவம், அவருக்கு அலுவலகத்தில் எச்சில் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்னொருவர் சைலன்ஸரைக் கழற்றிய பைக்கில் சுற்றினார். புருஷன் பெண்டாட்டிச் சண்டை மட்டும் அவளும் அவள் புருஷனுமாக இவர்கள் பங்கு. நடிக்கத் தெரிந்தவர்களை வைத்தால் நாடகமாகத் தெரிகிறது, நிஜ ஜோடிதான் வேண்டும் என்று பிரிவுத் தலைவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவளுக்குப் பட்டாசு என்று பட்டம். அவனுக்கு ஊமைக்கோட்டான்.

சண்டையின் வசனத்தைச் சட்டப் பிரிவில் எழுதித் தந்திருந்தார்கள். சாவி காணாமல் போன சண்டை. எழுதியவர் கல்யாணமே ஆகாதவர் என்பது முதல் வரியிலேயே தெரிந்துபோகும். அந்த வசனத்துக்குள் கத்துகிற வரைதான் இவர்களுக்குப் பாதுகாப்பு. அதற்கு வெளியே ஒரு வார்த்தை பேசினாலும் ஊரில் எல்லோரையும் போல இவர்களும் குற்றவாளிகள். கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்து தெருமுனையைத் தாண்டிப் போய்விட வேண்டும். அவன் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, யாராவது வெளியே வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆரம்பத்தில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக அந்த வேடிக்கை போயிற்று. வீட்டின் சுவர்கள் காகிதம் மாதிரி. தும்மினால்கூட எதிர்வீட்டில் கேட்கும். முதலில் கத்துவதை விட்டார்கள், அப்புறம் சிரிப்பதை. குசுகுசுவென்று பேசிப் பேசி, பேச்சே அலுத்து, உப்பை எடு, விளக்கை அணை என்பதோடு நின்றுவிட்டது. அவனுடைய முழுக்குரலை அவள் கேட்பது வேலையில் மட்டும்தான். அந்தக் குரலும் அவளைப் பார்த்து, "உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றுதான் கேட்டது. சட்டப் பிரிவு எழுதியதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் அவன் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துக்கொள்வான். அந்த மூச்சை யாரும் எழுதித் தரவில்லையே!

நேற்றுப் பிரிவுத் தலைவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "உன் வீட்டுக்காரர் வேற பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்காரேம்மா, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. தூணிலும் துரும்பிலும் இருப்பதெல்லாம் தெரிந்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருப்பவன் மனசில் தான் இன்னும் இருக்கிறோமா என்பது தெரியவில்லை. ராத்திரி முழுக்க அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கேட்டுவிட்டால் அழுகை வரும். அழுதால் சத்தம் வரும்.

இன்றைக்குப் போக வேண்டியது புகாரே வராத தெரு. முதல் தடவை போனபோது மட்டும் ஒருவர் போன் செய்தார். வந்த வார்டன் வேலைக்குப் புதுசு. இவர்களுடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் பதறிப்போய், நடுத்தெருவில் ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அத்தனை ஜன்னல்களும் அதைப் பார்த்தன. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்க் கத்தியாயிற்று, அந்தத் தெருவிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

"முத்து மாதிரித் தெரு" என்று காலையில் கிளம்பும்போது தலைவர் பூரித்தார். "இன்னைக்கும் புகார் வரலைன்னா சட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்துடலாம்."

"நாங்க அவ்வளவு கத்தியும் புகார் வரலைன்னா, சட்டம் வேலை செய்யலைன்னுதானே சார் அர்த்தம்?"

"நீ ஏம்மா அப்படிப் பாக்குறே? ஜனங்களுக்குப் பொறுமை வளர்ந்திருக்குன்னு எழுதினாப் போச்சு."

முற்பகல் வெயிலில் இருவரும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள். அவளுக்கு முதலில் உறைத்தது தன் செருப்புச் சத்தம்தான். வேறு எந்தச் சத்தமும் இல்லை. வாசல் கதவுகளின் விளிம்பில் பழைய துணி வைத்துத் தைத்திருந்தார்கள். வெளியே கிடந்த நாற்காலியின் நாலு கால்களுக்கும் காலுறை மாட்டியிருந்தது. ஒரு சின்னப் பெண் கம்பளிநூல் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். பந்து ஓசையே இல்லாமல் போய்ப் போய் வந்தது. படியில் படுத்திருந்த நாய் இவர்களைப் பார்த்து எழுந்து, வாயைத் திறந்து, திறந்தபடியே மறுபடி படுத்துக்கொண்டது.

அப்போதுதான் ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"சாவி எங்கே?"

ஓர் ஆண் குரல். உடனே பெண் குரல்: "உங்க சட்டைப்பையிலதான் இருக்கும். கண்ணு இருந்தாத்தானே!"

அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். அது அவளுடைய வரி. 'கண்ணு' என்பதில் அவள் கொடுக்கிற அழுத்தம்கூட அப்படியே இருந்தது.

"எதைக் கேட்டாலும் என் தலையிலேயே கட்டு!"

"உங்க தலையில அதுக்குத்தான் இடமிருக்கு. வேற ஒண்ணும் இல்லையே!"

எதிர்ச்சாரியில் இன்னொரு வீட்டிலும் அது தொடங்கியது. அங்கே அந்தப் பெண் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். ஆனால் வார்த்தை அதேதான். சாவி, சட்டைப்பை, கண்ணு.

"ஏங்க... இது என்னங்க?" என்றாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

பக்கத்து வாசலில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்து, கிட்டே வந்து காதோரம் குனிந்தாள்.

"அக்கா, இன்னைக்காவது புதுசா ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

"புதுசாவா?"

"இதையே எத்தனை நாளைக்குக்கா வச்சுக்கிட்டிருக்கிறது? அன்னைக்கு வார்டன் உங்களுக்குச் சல்யூட் அடிச்சுட்டுப் போனாரே, அப்பத்தானே தெரிஞ்சுது, இதைச் சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு. எங்களுக்கு அனுமதி இருக்கிறது இது ஒண்ணுதானே. கோவம் வந்தாலும் இதுதான், துக்கம் வந்தாலும் இதுதான். போன வாரம் எங்க மாமனார் தவறிட்டார். மாமியார் ராத்திரியெல்லாம் அவர் பக்கத்துல உக்காந்து, சாவி எங்கே, சாவி எங்கேன்னுதான் அழுதாங்க."

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. அதன் சின்ன உதடுகள் 'சாவி' என்று அசைந்தன. சத்தம் வரவில்லை.

அவள் சட்டென்று பின்வாங்கினாள். "வாங்க, போயிடலாம்" என்று அவன் கையைப் பிடித்தாள். ஆனால் அதற்குள் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. தெருவே காத்திருந்தது. போடாமல் போனால் விடமாட்டார்கள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"சாவி எங்கே?"

அவன் குரலோடு சேர்ந்து அத்தனை வீட்டு ஆண்களும் கேட்டார்கள். உரக்க இல்லை. மூடிய அறைகளுக்குள், சுவர்களுக்குப் பின்னால், கீழும் மேலுமாக, ஒரே சீராக. அவள் பதில் சொன்னபோது அவளோடு அத்தனை பெண்களும் சொன்னார்கள். தன் குரல் எது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. பாதி வரியில் வாயை மூடிப் பார்த்தாள். வசனம் நிற்கவில்லை, அவள் இல்லாமலே முடிந்தது.

பிறகு அந்தக் கணம் வந்தது. அவன் மூச்சை இழுத்தான். தெரு முழுக்க மூச்சை இழுத்தது.

"உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

"இனிமே காண வேண்டாம். நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வீடுகளுக்குள்ளும் கால்கள் நடக்கிற சத்தம், உள்ளறைகளை நோக்கி. அவ்வளவுதான். வசனம் முடிந்தது. இனி நாளைக்கோ மறுநாளோ அவன் வேறு பிரிவுக்குப் போய்விடுவான். அந்தக் குரலும் போய்விடும். கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. தெருமுனை நாலடி தூரத்தில் இருந்தது.

பின்னால் வசனம் முடியவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒரு வரியை ஆண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாய்க்குள்ளேயே, முணுமுணுப்பாக, வீட்டுக்கு வீடு. அதில் சட்டப் பிரிவின் வாடையே இல்லை.

"திரும்பிப் பாக்காமயே போறா பாரு... ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்டி."

அவள் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாளும் அவள் முனையைத் தாண்டிப் போன பிறகு அவன் தனியாக நின்றானே, அப்போது சொன்னதா? அவளுக்குக் கேட்காததைத் தெரு கேட்டு வைத்திருந்ததா? மறுபடியும் எழுந்தது அந்த முணுமுணுப்பு. திரும்பிப் பாரேன்டி. திரும்பிப் பாரேன்டி. ஏதோ ஒரு வீட்டில் கிழட்டுக் குரல் ஒன்று, இன்னொன்றில் மீசை முளைக்காத குரல்.

அவள் திரும்பினாள்.

அவன் நடுத்தெருவில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். சொல்லிக்கொண்டிருந்தவை வீடுகள்தான். அவள் முகத்தைக் கண்டதும் அவையும் சட்டென்று ஓய்ந்தன.

அவள் வேகமாகத் திரும்பி வந்தாள். "அது நீங்க சொன்னதா?"

அவன் கண்கள் ஜன்னல்களைச் சுற்றி வந்தன. "வசனத்துக்கு வெளியே பேசாதடி."

"நீங்க சொன்னதான்னு கேட்டேன்."

"...ஆமா."

"அப்புறம் எதுக்கு மாற்றல் கேட்டீங்க? என்கிட்டேர்ந்து தப்பிக்கவா?"

"உன்கிட்டேர்ந்தா? அந்தப் பாழாப்போன வரிகிட்டேர்ந்துடி!" அவன் குரல் உடைந்து உயர்ந்தது. "என்னத்தைக் கண்டேன், என்னத்தைக் கண்டேன்னு தினம் உன் முகத்தைப் பாத்துச் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாத்தான் வாயில வருது. ராத்திரி அதே முகத்தைப் பாக்க முடியாமத்தான் திரும்பிப் படுத்துக்கிறேன்."

"இதை வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? மெதுவாச் சொன்னா நீ நம்ப மாட்டே. சத்தமாச் சொன்னா வார்டன் வருவான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "ஊமைக்கோட்டான்னு உங்களுக்குச் சரியாத்தான் பேர் வச்சாங்க" என்று சொல்லும்போதே கைப்பையில் போன் அடித்தது. பிரிவுத் தலைவர்.

"பட்டாசு! அந்தத் தெருவுலேர்ந்து புகார் வந்திருக்கும்மா, ஒண்ணு இல்லை, வரிசையா வருது! யாரோ ரெண்டு பேர் நடுத்தெருவுல நின்னு பேசிக்கிறாங்களாம். சண்டை இல்லையாம். என்னன்னு கேட்டா சொல்லத் தெரியலைங்குறாங்க, பயமா இருக்குங்குறாங்க. யாரது, நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். இன்றைக்கும் சம்பளம், நாளைக்கும் சாவி. அவள் அவனைப் பார்த்தாள்.

"நாங்கதான் சார்."

"வசனத்துக்கு வெளியேயாம்மா? ஐயோ, அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாதே. வார்டன் கிளம்பிட்டான்."

"வரட்டும் சார்" என்று போனை வைத்தாள்.

அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, வாயைத் திறந்து, தெருவே அதிரும்படி. எவ்வளவு காலமாயிற்று அவள் அதைக் கேட்டு! நடுவில் ஒரு விக்கலோடு வரும் அது. கல்யாணமான புதிதில் அந்த விக்கலை அவள் எவ்வளவு கேலி செய்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்கிய பிறகும் திரைகள் மூடவில்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் அப்படியே இருந்தன. அந்த இளம்பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு இவர்களைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

பிறகு ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "ஹ..." என்று ஓர் ஆண் குரல். நின்றது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி முயன்றது. "ஹ... ஹா..." சரியான இடத்தில் ஒரு விக்கல். எதிர்வீட்டில் இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டார். அளவெடுத்த மாதிரி, சந்தோஷம் துளியும் இல்லாமல், பாடம் படிக்கிற பிள்ளைகளைப் போல வீடு வீடாகச் சிரித்துப் பார்த்தார்கள்.

"வா, போயிடலாம்" என்றான் அவன், அவள் காதில். இந்தத் தடவை அவன்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

தெருமுனையில் நீலச் சட்டை தெரிந்தது. ஆனால் அவள் நகரவில்லை. ஆண்கள் மட்டும்தானே சிரித்துப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. உள்ளறைகளில் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவர்களிடம் ஒன்றும் இல்லையே, 'நான் போறேன்' என்பதைத் தவிர.

அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போகலை" என்றாள், அத்தனை வீட்டுக்கும் கேட்கும்படி. "நான் எங்கேயும் போகலை."