ஏழு சுழியங்கள்

...சிறுநீர்ச் சிரமம் பற்றிய படிவத்தின் ஏழு கேள்விகளுக்கும் சுழியமா, அறுபத்தோரு வயது, பருத்த புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர் கழிப்பதில் யாதொரு குறையுமில்லை என்று மருத்துவரும் எழுதிவிட்டார், அப்படியானால் குறைகளற்ற வீக்கத்துக்குரிய குறியீட்டை இட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போகவேண்டியதுதான், ஆனால் ஓரத்தில் செவிலியின் குறிப்பொன்று கிடக்கிறதே... 'இரவில் ஐந்து முறை எழுகிறார் என்கிறார் மனைவி.' குறியீட்டாளர் நாற்காலியில் நெளிந்தார். நோயாளிகளின் ஏடுகளைப் படித்து நோய்க்குரிய குறியீட்டை இடுவதே பதினான்கு ஆண்டுகளாக அவருடைய பிழைப்பு; ஏட்டில் எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது அத்தொழிலின் முதல் விதி. அடிவயிறு கனத்தது... போய்வந்து அரைமணிகூட ஆகவில்லையே, அதற்குள்ளாகவா? எழுந்தார். "என்ன சார், நாலாவது தடவையா? உங்க மேசையை அங்கேயே போட்டுடலாமா?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். "டீ கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சும்மா." காலையிலிருந்து அவர் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

கழிப்பறையில் நின்றார், காத்திருந்தார், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார், வீட்டிலும் இப்படித்தான், நீரின் ஓசையில் தம் தயக்கம் மறைந்துவிடும் என்றல்லவா எண்ணியிருந்தார், "குழாயை மூடிட்டே போங்க, எனக்குத் தெரியாதா என்ன" என்று ஒருநாள் மனைவி சொல்லிவிட்டாளே... சொட்டுச் சொட்டாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சென்ற வாரம் மருத்துவமனையில் அவர் கையில் கொடுத்ததும் இதே படிவம், இதே ஏழு கேள்விகள், எந்த விடை எந்தக் குறியீட்டில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவருக்கு அத்துப்படி, ஆகவே ஏழு சுழியங்களையும் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தார், யாரை ஏமாற்ற? புற்றுநோய்க்கும் ஒரு குறியீடு உண்டு, ஓர் எழுத்தும் இரண்டு எண்களும், விரல்கள் பாராமலே தட்டும், ஆனால் எல்லாம் பிறர் பெயருக்கு நேரே... "நானும் உள்ள வரேங்க, நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க" என்றாள் அன்று மனைவி. "நீ பையைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே உட்காரு" என்று அடக்கியவர் அவர்தான். இன்று நான்கு மணிக்கு இரத்தப் பரிசோதனை முடிவு. மருத்துவர் மறுபடியும் கேட்பார், சிரமம் ஏதாவது உண்டா என்று.

இருக்கைக்குத் திரும்பினார். ஏட்டில் முரண் இருந்தால் மருத்துவரிடம் வினவ வேண்டும், விடையை அவர் வாயில் திணிக்காமல் வினவ வேண்டும், அதுவும் விதி. 'படிவத்துக்கும் மனைவியின் கூற்றுக்கும் முரண் உள்ளது. தயைகூர்ந்து தெளிவுபடுத்துக' என்று தட்டி அனுப்பினார். முகமறியாத அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார், அவர் மனைவி உள்ளே இருந்திருக்கிறாள்... ஆனால் தம்முடைய ஏடு? அதுவும் எங்கோ ஒரு மேசைக்குப் போயிருக்கும், தம்மைப் போன்ற ஒருவர் மேலும் கீழும் பார்த்திருப்பார், முரணில்லை, ஓரக்குறிப்பில்லை, வினவ ஒன்றுமில்லை, அரை நிமிடத்தில் குறியீட்டை இட்டு அனுப்பியிருப்பார், எவ்வளவு சுத்தமான ஏடு! தாமே பார்த்திருந்தாலும் அப்படித்தானே அனுப்பியிருப்பார்?

கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. "கிளம்பிட்டேங்க. இன்னைக்கும் நான் வெளியதான் உட்காரணுமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்... அடிவயிறு மறுபடியும் கனத்தது, பக்கத்து இருக்கைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், "வந்து சேரு, பார்க்கலாம்" என்றார்.